மொடம் சண்டைக்கு நடுவில் நான்

மட்டுறுத்துநர் வேலை என்பது சம்பளம் இல்லை, லீவு இல்லை, ஏச்சு மட்டும் ஒழுங்காகக் கிடைக்கும் உத்தியோகம். இன்டர்நெட்டில் ஒரு மடல் குழுவை நடத்திப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் குழுவுக்கு ஒரு மடல் போட்டால் அது குழுவில் உள்ள எல்லாருக்கும் போகும். போகவிடலாமா, மறிப்பதா என்று முதலில் பார்க்கிற ஆள்தான் மட்டுறுத்துநர். போகவிட்டால் ஒருவர் ஏசுவார். மறித்தால் மற்றவர் ஏசுவார்.

நான் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தேன். வெளிநாட்டுக் கோல், போட்டோ கொப்பி, இன்டர்நெட் எல்லாம் உண்டு. மூலையில் இருந்த ஒரு கொம்பியூட்டர் எனக்கு. அதிலிருந்துதான் குழுவை நடத்தினேன். எங்களுடையது கட்டற்ற மென்பொருள் ஆட்களின் குழு. அந்த மென்பொருளை யாரும் எடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அதைத் தமிழில் ஓட வைத்து, ஒரு சீடியில் போட்டு, பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் எல்லாருக்கும் பொதுவான ஆசை. எப்படிக் கொடுப்பது என்பதில் மட்டும் ஆளுக்கொரு கொள்கை.

சமாதானப் பேச்சு முறிந்து யுத்தம் திரும்பத் தொடங்கிய காலம் அது. கொழும்பில் தமிழ் ஆள் என்றால் அடையாள அட்டையோடு பொலிஸ் பதிவும் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த நேரத்திலும் ஏற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் குழுவில் அநேகமானவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் கண்டதில்லை. ஆனாலும் கொழும்பில் இருக்கிற ஒருவர் இரண்டு நாள் சத்தமில்லாமல் இருந்தால் எனக்குப் பயம் பிடித்துவிடும். சண்டை பிடித்துக்கொண்டிருந்தால் ஆள் பத்திரமாக இருக்கிறார் என்று ஒரு நிம்மதி. அதனால் குழுவில் நெருப்புப் பறக்கிற நாட்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

மதிப்புக்குரிய ஐயா

முதன்முதலில் எனக்கு ஏசியவர் நஸீர். மாளிகாவத்தையில் வீடு, கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியின் கொம்பியூட்டர் பிரிவில் வேலை. இதெல்லாம் பிறகு அறிந்தது. அப்போது எனக்கு அவர் வெறும் ஈமெயில் விலாசம். கட்டற்ற மென்பொருளோடு வேறு எதையும் கலக்கக்கூடாது என்பதில் அந்த மனிதர் அசையமாட்டார். யாரோ ஒரு அப்பாவி, காசுக்கு விற்கிற மென்பொருளிலும் நல்லது இருக்கிறது என்று எழுதப்போக, இவர் அவரைக் கைக்கூலி என்று எழுதிவிட்டார். நான் அந்த மடலை மறித்தேன்.

உடனே எனக்குத் தனி மடல். "மதிப்புக்குரிய ஐயா" என்று தொடங்கி, மதிப்பென்பது மருந்துக்கும் இல்லாமல் பக்கம் பக்கமாகப் போனது. நான் சர்வாதிகாரியாம். ஆம்பிளைகள் கையில் கொஞ்சம் அதிகாரம் கிடைத்தால் இப்படித்தான் தலைகால் தெரியாமல் ஆடுவார்களாம். வாசிக்க வாசிக்க எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "தம்பி, நான் ஐயா இல்லை, பேர் சுகந்தி. கடையில ஆக்கள் நிக்கினம். கைக்கூலி எண்ட சொல்லை எடுத்துப்போட்டு அனுப்புங்கோ, மிச்சத்தைப் போகவிடுறன்" என்று எழுதினேன். சொல்லை எடுத்துவிட்டு மடலை அனுப்பினார். அதற்கு அடியில் எனக்கென்று ஒரு குறிப்பு: "மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா. ஐயா எண்டதை வாபஸ் வாங்குறேன். சர்வாதிகாரி எண்டதை வாபஸ் வாங்கேலா."

மேலேயா கீழேயா

இந்தச் சண்டை உங்கள் குழுவிலும் நடந்திருக்கும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மடலுக்குப் பதில் எழுதும்போது, பழைய மடலின் மேலே எழுதுவதா, அதன் கீழே எழுதுவதா? வெளியில் இருப்பவருக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. எங்கள் ஆட்களுக்கு இது மானப் பிரச்சினை. மேலே எழுதுகிறவர் சோம்பேறி என்றார்கள். கீழே எழுதுகிறவர் வாசிப்பவரின் பொறுமையைச் சோதிக்கிறார் என்றார்கள். மேலே எழுதக்கூடாது என்பதை ஒருவர் மேலேயே எழுதி அனுப்ப, அதற்கு வேறாக ஒரு சண்டை. சீடி வேலை அப்படியே கிடந்தது.

அந்த நாட்களில் நேசம் அன்ரி என்று ஒருவர் கனடாவில் இருக்கிற மகனோடு கதைப்பதற்காகக் கடைக்கு வருவார். கோல் எடுப்பார், மணி அடித்துக்கொண்டே இருக்கும், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். அன்றைக்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதைக் கண்டு, என்ன பிள்ளை கரைச்சல் என்று கேட்டார். நான் விளக்கமாகச் சொன்னேன். வடிவாகக் கேட்டார். குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போதுதான் சொன்னார்: "மேலயோ கீழயோ, உன்ர ஆக்கள் பதில் போடுதுகள் தானே பிள்ளை. என்ர மகன் ரெண்டுமில்லை."

அன்றைக்கு நான் ஒருவருடைய மடலையும் மறிக்கவில்லை, எல்லாவற்றையும் போகவிட்டேன்.

ஹட்டன் பிள்ளைக்கு என்ன பதில்

இனி மொடத்துக்கு வருகிறேன். அப்போது வீட்டுக் கொம்பியூட்டரை டெலிபோன் வயரோடு இணைத்துத்தான் இன்டர்நெட் எடுப்போம். இணைக்கிற சாமானுக்குப் பெயர் மொடம். கடைகளில் கிடைத்த மலிவு மொடம், அதைச் செய்த கம்பனி கொடுக்கிற ஒரு சின்ன மென்பொருள் இல்லாமல் எங்கள் சீடியோடு வேலை செய்யாது. அந்தச் சின்ன மென்பொருளைத் திறந்து பார்க்கக் கம்பனி விடாது. அதாவது அது கட்டற்றதல்ல. அதை எங்கள் சீடியில் சேர்ப்பதா இல்லையா என்பதுதான் கேள்வி.

சேர்க்க வேண்டும் என்றவர் செல்வராஜ். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர், கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கி, ஒரு அச்சகத்தில் பக்கம் அமைக்கிற வேலை பார்த்தார். எங்கள் சீடியில் இருந்த தமிழில் பாதி அவருடைய மொழிபெயர்ப்பு. நஸீர் எழுதுவார்: "ஒருமுறை கதவைத் திறந்துவிட்டால் பிறகு எல்லாம் உள்ளே வரும். நாங்கள் எதற்காகத் தொடங்கினோம்?" செல்வராஜ் எழுதுவார்: "ஹட்டனில் ஒரு பிள்ளை சீடியைப் போட்டுவிட்டு இன்டர்நெட் வராமல் முழிக்குமே, அதற்கு உங்கள் கொள்கையைத் தின்னக் கொடுப்பதா?" இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே பட்டது, அதுதான் வேதனை. நான் நடுவில் நின்று, நஸீரிடம் கொஞ்சம் விட்டுக்கொடுங்கோ என்றேன். பதில் வந்தது: "அக்கா, செல்வராஜ் நல்ல மொழிபெயர்ப்பாளர், அவர் இல்லாட்டி சீடியே இல்ல. அதை அவருக்குச் சொல்லிடாதீங்க, பிறகு நிப்பாட்டேலா."

ஒஸ்லோவில் பிரிந்த கட்சி

ஒஸ்லோவில் பரம் அண்ணை என்று ஒருவர் இருந்தார். எதை எழுதினாலும் இலக்கமிட்டு எழுதுவார். மொடம் சண்டையில் நஸீரும் செல்வராஜும் தன்னுடைய அம்சங்களுக்குப் பதில் தரவில்லை என்று அவருக்குச் சரியான கோபம். கடைசியில், இந்தக் குழு உருப்படாது, நான் புதுக் குழு தொடங்குகிறேன், மானமுள்ளவர்கள் வரலாம் என்று அறிவித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. மனிதர் எங்களுக்கு எவ்வளவோ செய்தவர், பனியில் இருந்துகொண்டு ராப்பகலாக எழுத்துருச் சோதித்தவர். அடுத்த கிழமை ஒரு தானியங்கி மடல் வந்தது, புதுக் குழுவில் நான் சேர்க்கப்பட்டிருக்கிறேனாம். உள்ளே போய்ப் பார்த்தேன். பரம் அண்ணை, பரம் அண்ணையின் இன்னொரு ஈமெயில் விலாசம், பிறகு நான். என்னை ஏன் அண்ணை சேர்த்தனீங்கள், நான் அந்தக் குழுவின்ர ஆள் எல்லோ என்று கேட்டேன். இலக்கம் ஒன்றும் போடாமல் ஒரே ஒரு வரியில் பதில் தந்தார்: "தங்கச்சி, இஞ்சயும் மட்டுறுத்த ஒரு ஆள் வேணும் தானே."

பதில் எங்கே போக வேண்டும்

குழுவில் ஒரு மடலுக்குப் பதில் பொத்தானை அமத்தினால் அது எழுதியவருக்கு மட்டும் போவதா, குழு முழுவதுக்கும் போவதா? இதை மட்டுறுத்துநர் ஒருமுறை தீர்மானித்து வைக்க வேண்டும். இதற்கும் ஒரு பெரிய சண்டை நடந்தது. எல்லாருக்கும் போனால்தான் ஒளிவுமறைவு இருக்காது என்று செல்வராஜ் வாதாடி வென்றார். நானும் அப்படியே மாற்றி வைத்தேன்.

வெள்ளவத்தையில் எல்லாரும் நேரில் கூடிக் கதைத்து மொடம் விஷயத்தை முடிப்போம் என்று நான் குழுவுக்கு எழுதினேன். அதற்கு எனக்கு மட்டும் என்று நினைத்துச் செல்வராஜ் பதில் எழுதினார். "அக்கா, எனக்கு வர ஆசதான். ஆனா வீட்டுக்காரர் பொலிஸ் பதிவுக்கு இன்னும் கையெழுத்து வைக்கல. நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கிறாரு. பதிவு இல்லாம செக்பொயின்ட் தாண்ட பயமா இருக்கு. அச்சகத்துக்கும் ரூமுக்கும் நடுவுலதான் என் நடமாட்டம். நஸீருக்குச் சொல்லாதீங்க, சாக்குச் சொல்றான்னு நெனப்பாரு." பதில் பொத்தானை அமத்தியிருக்கிறார். அவர் வாதாடி வென்ற ஏற்பாடு தன் வேலையைச் செய்துவிட்டது. மடல் நஸீருக்கும் போனது, கோபித்துப் போனாலும் எங்கள் குழுவிலிருந்து பெயரை எடுக்காத பரம் அண்ணையிடம் ஒஸ்லோவுக்கும் போனது.

பதிவில்லை, இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று ஒரு பொடியன் ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி ஆகிவிட்டதே. நஸீர் மட்டும் ஒரு வரி எழுதினார், எந்த வீதி, வீட்டுக்காரர் பேர் என்ன, நான் போய்க் கதைக்கிறேன் என்று. அதைக் கண்டதும் செல்வராஜுக்கு ரோசம் வந்துவிட்டது: "உதவிக்கு நன்றிங்க. ஆனா இதுக்கும் மொடத்துக்கும் சம்பந்தமில்ல, நான் மாறமாட்டேன்."

சத்தமில்லாத நாள்

அடுத்து வந்த ஒரு வியாழக்கிழமை. நஸீர் காலையில் வேண்டுமென்றே நெருப்பு வைக்கிற மாதிரி ஒரு மடல் போட்டிருந்தார். செல்வராஜிடமிருந்து பதில் இல்லை. பத்து மணிக்கும் இல்லை. அப்படியொரு மடலுக்குச் செல்வராஜ் பதில் எழுதாமல் இருப்பதென்றால் கைகால் கட்டியிருக்க வேண்டும். அச்சகத்துக்குக் கோல் எடுத்தேன். விடியவே வீடு வீடாகச் சோதிக்கிற ரவுண்டப் நடந்து, பதிவு இல்லாதவர்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். முதலாளி கண்டியில், போய்க் கேட்க ஆளில்லை.

குழுவில் இரண்டே வரி எழுதினேன்: செல்வராஜைக் கொண்டு போய்விட்டார்கள், கொழும்பில் யாரால் போக முடியும்? அடுத்த நிமிஷம் கடை டெலிபோன் அடித்தது. நஸீருடைய குரலை நான் கேட்டது அதுதான் முதல்தடவை. "அக்கா, ஒபிஸ்ல சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். ஆள்ட முழுப் பேர் என்ன?" நான் கடையைப் பூட்டிவிட்டு ஓட்டோவில் ஏறினேன். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பொலிஸ் வாசலில் சந்தேகப்பட அது ஒன்றே போதும். இதில் மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே பயந்தேன்.

உள்ளே உட்காருகிற வாங்கு நிறைய ஆட்கள், நிலத்திலும் ஆட்கள். நஸீர் எனக்கு முதலே வந்துவிட்டார், மெல்லிய மனிதர், கழுத்தில் ஒபிஸ் அட்டை. அவரும் செல்வராஜைக் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. அவர் வாங்கைப் பார்த்து, மொடம் செல்வராஜ் யாரு என்று சத்தமாகக் கேட்டார். மூலையில் நீலச் சட்டை போட்ட ஒருவர் கையை உயர்த்தினார். மாதக்கணக்காக மடலில் சண்டை பிடித்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்தது அப்படித்தான்.

மேசையில் இருந்த இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் விசாரித்தார். தமிழில் சொல்கிறேன். இவரை எப்படித் தெரியும் என்று கேட்டார். "ஒவ்வொரு நாளும் சண்டை பிடிக்கிறோம் சேர்" என்றார் நஸீர். இன்ஸ்பெக்டர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். எதற்குச் சண்டை? மொடத்துக்கு. நான் நெற்றியில் கை வைத்துக்கொண்டேன். நஸீர் ஒன்றையும் கவனிக்காமல் விளக்கத் தொடங்கினார். முதலில் செல்வராஜின் கட்சியைச் சொன்னார். தோட்டத்துப் பள்ளிக்கூடம், மலிவு மொடம், சீடியைப் போட்டுவிட்டு முழிக்கப் போகிற பிள்ளை, எல்லாவற்றையும் செல்வராஜ் எழுதியதைவிட வடிவாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதர் அத்தனை மடலையும் ஒரு வரி விடாமல் வாசித்திருக்கிறாரே என்றுதான் நினைத்தேன்.

"அப்போ இவன் சொல்றது சரிதானே?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஓம் என்று சொன்னால் போதும். நான் நஸீரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நஸீர் சொன்னார்: "இல்ல சேர். அவர் சொல்றது பிழை. ஆனா மனுசன் பொய் பேசாத மனுசன், அதுக்கு நான் கையெழுத்து வைக்கிறேன்." வாங்கிலிருந்து செல்வராஜ் சிங்களத்தில் குரல் கொடுத்தார், சேர், அவர் தோட்டத்து டெலிபோன் லைனைப் பற்றிச் சொல்லவில்லை, அதையும் கேளுங்கள் என்று. எனக்கு உயிர் போய் வந்தது.

இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு கொன்ஸ்டபிளை அனுப்பி வீட்டுக்காரரைக் கூப்பிடுவித்தார். மாதக்கணக்காக நாளைக்கு என்றவர் அரை மணியில் கட்டின சாரத்தோடு வந்து பதிவுக்குக் கையெழுத்து வைத்தார். நஸீரும் வைத்தார். அந்த வாங்கில் இருந்த மற்றவர்களுக்காக அப்படி ஒருவரும் வரவில்லை. அவர்களைத் தாண்டி வெளியே வந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. வாசல்வரைக்கும் தோட்டத்து லைனைப் பற்றி இரண்டு பேரும் கதைத்துக்கொண்டு போக, பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் சொன்னார்: "தம்பி, இவனைக் கூட்டிக்கொண்டு போய் ரோட்டில் வைத்துச் சண்டை பிடி. இங்கே ஏற்கெனவே இடமில்லை."

நஸீர் கைப்பட எழுதியது

அடுத்த நாள் காலை குழுவுக்குச் செல்வராஜின் மடல் வந்தது. முதல் பத்தியில் நன்றி. இரண்டாம் பத்தியில், என் மடலைக் கண்டதும் ஒஸ்லோவிலிருந்தே கொழும்பு வக்கீல் ஒருவருக்குக் கோல் எடுத்துக் காத்திருந்த பரம் அண்ணைக்கும் நன்றி. மூன்றாம் பத்தியில் மொடம். நஸீர் உடனே பதில் போட்டார், நன்றியெல்லாம் வேண்டாம், மூன்றாம் பத்தி பிழை என்று. நான் அதை வாசித்துவிட்டுக் கடையில் இருந்து அழுதேன். போட்டோ கொப்பி எடுக்க வந்த ஆள் பயந்து, பிறகு வாறன் என்று போய்விட்டார்.

சீடி கடைசியில் வந்தது. அதில் மொடம் மென்பொருள் இல்லை. நஸீர் வென்றுவிட்டார், செல்வராஜ் மனம் உடைந்துபோவார் என்று நான் பயந்தேன். சில நாளில் செல்வராஜ் கடைக்கு வந்தார். பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் எடுத்து, முதன்முதலாகத் தானாக வெள்ளவத்தைக்கு வந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பேக் நிறையப் பிளொப்பி. ஹட்டன் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோகவாம். ஒவ்வொன்றிலும் அந்த மொடம் மென்பொருள். ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய துண்டில் நஸீர் கைப்பட எழுதியிருந்தார்: இது கட்டற்றதல்ல, வேறு வழியில்லாவிட்டால் மட்டும் பாவிக்கவும். செல்வராஜ் ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்துச் சொன்னார்: "பாருங்கக்கா, ராவெல்லாம் உக்காந்து கொப்பி பண்ணிக் குடுத்ததும் அவருதான், ஒவ்வொண்ணுலயும் எழுதி ஏசுறதும் அவருதான்."

இந்த ஆட்களுக்கெல்லாம் ஒழுங்காக ஒரு நன்றி மடல் எழுத வேண்டும் என்று இத்தனை வருஷமாக நினைத்தும் எழுதாமல் விட்டதற்கு ஒரே காரணம், எழுதினால் அதற்கும் சண்டை வரும், பிறகு அதையும் நான்தான் மட்டுறுத்த வேண்டும்.